ம்பூபே

ம்பூபே என்பது தென்னாப்பிரிக்காவின் சூலு மொழிப் பாடல். சாலமன் லிண்டா 1939-இல் தம் ஈவினிங் பேர்ட்ஸ் குழுவினருடன் ஜோகன்னஸ்பர்க்கின் காலோ நிறுவனத்தில் இதைப் பதிவு செய்தார். ஆண்குரல்கள் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பப் பாட, அவற்றுக்கு மேலே லிண்டாவின் உச்சக் குரல் தன்போக்கில் உலவுவதே பாடலின் அமைப்பு. 1940-களின் முடிவுக்குள் சுமார் 1,00,000 இசைத்தட்டுகள் விற்றன. அந்தப் பாணிக்கே ம்பூபே என்ற பெயர் நிலைத்தது. ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாக இசைத்தட்டு பீட் சீகரிடம் சேர, அவர் இடம்பெற்ற வீவர்ஸ் குழு 1952-இல் இதை 'விமோவே' எனப் பாடி வெளியிட்டது. 1960-இல் மிரியம் மகேபாவும் பாடினார். 1961-இல் ஜார்ஜ் டேவிட் வைஸ் ஆங்கிலச் சொற்கள் சேர்க்க, டோக்கன்ஸ் குழு பாடிய 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டைட் ஃபிட் குழுவின் பதிவு 1982-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 1994-இல் டிஸ்னியின் 'தி லயன் கிங்' படத்திலும் இப்பாடல் ஒலித்தது.

இத்தனை பேர் பாடிய பாடலுக்கு உரியவர் யார்? இது சூலு மக்களின் மரபுப் பாடல், ஒருவருக்குச் சொந்தமல்ல என்ற எண்ணம் அமெரிக்காவில் நிலவியது. கூட்டாகப் பாடும் முறை மரபு தந்தது என்பது உண்மையே. ஆனால் ஆங்கிலச் சொற்கள் ஏறி அமர்ந்த மெட்டு, 1939 பதிவின் இறுதியில் லிண்டா அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடியது. அதற்கு இசைத்தட்டே சாட்சி. உலகப் புகழ் தந்தவை வைஸின் சொற்களும் புதிய இசையமைப்பும்தானே என்பது அடுத்த வாதம். அவை அவருக்குப் பங்கு தரலாம். மூல மெட்டுக்காரரின் பங்கை அழிக்க முடியாது.

1952-இல் பத்து ஷில்லிங்குக்குத் தம் உரிமையைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார் லிண்டா. 1962-இல் வறுமையில் இறந்தார். விற்றவருக்குப் பிறகு என்ன உரிமை என்று கேட்கலாம். பிரிட்டிஷ் காலப் பதிப்புரிமைச் சட்டமோ, படைப்பாளி இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் உரிமை வாரிசுகளுக்கே திரும்பும் என்றது. பத்திரிகையாளர் ரியான் மலான் 2000-இல் இந்த வரலாற்றை வெளிக்கொணர்ந்தார். 2004-இல் அந்தச் சட்டப்பிரிவின் பலத்தில் டிஸ்னி மீது வழக்குத் தொடரப்பட்டது. 2006-இல் ஏற்பட்ட உடன்பாடு லிண்டாவை இணை இசையமைப்பாளராக ஏற்று, மகள்களுக்குப் பணம் கிடைக்க வழிசெய்தது. மரபு என்ற பெயர் இங்கே படைப்பாளிக்குப் பெருமை சேர்க்கவில்லை, அவருக்குரிய ஊதியத்தைத் தராமல் இருக்கவே பயன்பட்டது.