லீஜ் அண்ட் லீஃப்: ஃபோக் ராக் ரசிகர்களின் தீராத வழக்கு

லீஜ் அண்ட் லீஃப் என்பது, லண்டன் மாநகரில் 1967-இல் தோன்றிய ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் இசைக்குழுவினர் 1969 டிசம்பரில் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் பழைய கதைப்பாடல்களை மின்சார கிதாரோடும் டிரம்மோடும் சேர்த்துப் பாடும் சம்பிரதாயத்திற்கு இதுவே மூலம் என்பர். பெயரில் உள்ள இரு பழஞ்சொற்களில் முன்னது விசுவாசத்தையும், பின்னது மனமுவந்த இசைவையும் குறிக்கும். 2006-ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியின் நேயர்கள், எக்காலத்திலும் மிகுந்த செல்வாக்குச் செலுத்திய நாட்டுப்பாடல் தட்டு இதுவே என்று வாக்களித்தனர். அந்தக் கீர்த்தியே அதற்குப் பகையுமாயிற்று. ஃபோக் ராக் ரசிகர்கள் கூடி, தமக்கு மிகப் பிரியமான தட்டு எது, தகுதிக்கு மிஞ்சிப் புகழப்பட்ட தட்டு எது என்று பேசத் தொடங்கினால், இரண்டு கேள்விகளுக்கும் விடையாக இந்த ஒரே பெயர் எழுவதைக் காணலாம்.

வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்பது வேறு குழுவின் படைப்பன்று. அதே குழுவினர் அதே 1969-இன் ஜூலையில் வெளியிட்ட அன்ஹாஃப்பிரிக்கிங் என்னும் தட்டேயாகும். பயணத்தின்போது வண்டியில் விளையாடிய சொல் விளையாட்டொன்றில் பாடகி சாண்டி டென்னி புனைந்த பொருளற்ற சொல் அது. அட்டையிலே குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. விம்பிள்டனில் உள்ள தம் இல்லத்து வாயிலில் டென்னியின் பெற்றோர் நிற்க, பின்னே வேலியின் இடைவெளியில் குழுவினர் தோட்டத்தில் அமர்ந்திருப்பது தெரிகிறது. எட்டுப் பாடல்களில் மூன்று பாப் டிலன் இயற்றியவை. அவற்றுள் ஒன்று பிரெஞ்சு மொழியில் பாடப்பட்டு, பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் 21-ஆம் இடம் வரை ஏறியது. ஏனையவற்றுள் டென்னியும் கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்ஸனும் எழுதிய சொந்தப் பாடல்கள் உண்டு. பரம்பரையாக வழங்கிய பாடல் ஒன்றே ஒன்றுதான். பதினொரு நிமிஷத்துக்கு மேல் நீளும் அந்த மாலுமிப் பாடலில், டென்னியின் குரல் அமைதியான கடலைப் போல் தொடங்க, தாம்ஸனின் கிதாரும், விருந்தினராக வந்திருந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் பிடிலும் ஒன்றையொன்று தொடர்ந்து சென்று கடைசியில் புயலாக மாறுகின்றன. ஒரே முறை வாசித்துப் பதிவானது அது.

இரு தட்டுகளுக்கும் இடையே ஒரு துயரம் கிடக்கிறது. 1969 மே 12-ஆம் நாள் விடியற்காலையில், பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பிய குழுவினரின் வண்டி எம்-1 நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. பத்தொன்பதே வயதான டிரம் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும், தாம்ஸனின் தோழியும் உயிரிழந்தனர். அன்ஹாஃப்பிரிக்கிங்கின் ஒலிப்பதிவு அதற்கு முன்பே முடிந்திருந்தபடியால், அதில் கேட்கும் டிரம் லாம்பிளுடையது. குழுவைக் கலைத்துவிடலாமா என்ற யோசனையும் எழுந்தது. கலைக்காமல், தயாரிப்பாளர் ஜோ பாய்டின் ஏற்பாட்டில், ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்னும் சிற்றூரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அந்தக் கோடைக்காலம் முழுவதும் அங்கே தங்கிப் பயின்றனர். ஸ்வார்பிரிக் நிரந்தர அங்கத்தினரானார். நடன அரங்குகளில் வாசித்துப் பழகிய டேவ் மாட்டாக்ஸ் டிரம்முக்கு வந்தார். பழைய நண்பனை நினைவூட்டும் பழைய பாடல்களை மீண்டும் வாசிக்க மனமில்லாத நிலையில், தங்களைவிட நூற்றாண்டுகள் மூத்த பாடல்களை அவர்கள் நாடினர் என்பதை மறந்துவிட்டு லீஜ் அண்ட் லீஃபை மதிப்பிடுவது நியாயமாகாது.

பாடல்களைத் தேடியவர் பாஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ். ஆங்கில நாட்டுப்பாடல், நடனச் சங்கத்தின் இருப்பிடமான ஸெஸில் ஷார்ப் மாளிகையில் ஏடுகளைப் புரட்டி அவர் உழைத்தார். 1903-இல் ஸாமர்ஸெட் கிராமமொன்றில் தோட்டக்காரர் ஒருவர் பாடக் கேட்டதிலிருந்து பாடல் திரட்டும் பணியைத் தொடங்கியவர் ஷார்ப். அவருக்கு முன்னமே, ஹார்வர்ட் பேராசிரியர் ஃப்ரான்ஸிஸ் ஜேம்ஸ் சைல்ட் 305 கதைப்பாடல்களைப் பாடபேதங்களோடு தொகுத்து எண்ணிட்டு அச்சேற்றியிருந்தார். அவ்வரிசையில் 39-ஆம் எண்ணுடைய டாம் லின், 81-ஆம் எண்ணுடைய மாட்டி க்ரோவ்ஸ் ஆகிய இரண்டுமே லீஜ் அண்ட் லீஃபின் தூண்கள். தேவதைகளின் ராணியிடம் சிறைப்பட்ட காதலனை ஒரு பெண் பிடிவிடாமல் அணைத்து மீட்பது முதலாவதன் கதை. பிரபுவின் மனைவியும் அவள் காதலனும் அப்பிரபுவின் வாளுக்கு இரையாவது மற்றதன் கதை. மொத்தம் எட்டு உருப்படிகளில் ஐந்து பரம்பரைச் சரக்கு. மூன்று, குழுவினர் புதிதாக எழுதியவை.

இனி வழக்கிற்கு வருவோம். நாட்டுப்பாடலின் தூய்மையைப் போற்றுவோர், வாத்தியத் துணையின்றி, பாடுபவரின் மூச்சுக்கேற்ப நீண்டும் குறுகியும் ஒலித்த பாடலை டிரம்மின் சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள் என்று முறையிடுவர். இது பழைய மனத்தாங்கலின் தொடர்ச்சியே. 1966 மே மாதம் மான்செஸ்டரில் மின்சார கிதாரோடு மேடையேறிய டிலனை நோக்கி, சபையில் ஒருவர் யூதாஸ் என்று கூவியது உலகப் பிரசித்தம். ராக் இசையின் அபிமானிகளோ, நேர்மாறாக, சுவடிச்சாலையின் வாசனை இதில் அதிகம் என்பர். இவ்விரு சாராரையும்விட வலுவாக வாதிப்பவர்கள் டென்னியின் பக்தர்கள். காலம் எங்கே போகிறது என்று வினவும் அவளுடைய ஒப்பற்ற சொந்தப் பாடலை அன்ஹாஃப்பிரிக்கிங்கில் கேட்டவர்கள், அத்தகைய கவியைப் பிறருடைய பழம்பாடல்களின் குரலாக மட்டும் நிறுத்திவிட்டதே இத்தட்டு என்று வருந்துகிறார்கள். சரித்திரமும் அவர்கள் பக்கம் சாய்கிறது. தட்டு வெளிவருவதற்கு முன்னரே குழு பிளந்துவிட்டது: தன் பாடல்களுக்கு இடம் வேண்டி டென்னி விலகி ஃபாதரிங்கே என்னும் குழுவைத் தொடங்கினாள், மரபில் இன்னும் ஆழ்ந்து செல்ல விரும்பிய ஹட்சிங்ஸ் ஸ்டீலை ஸ்பான் என்னும் குழுவை நிறுவினார்.

இக்கட்டுரையாளரின் அபிப்பிராயத்தில், இத்தட்டைப் புகழ்வோரும் குறைகூறுவோரும் இரு வேறு தராசுகளில் நிறுத்துவிட்டு, எடை ஒத்துவரவில்லையே என்று சண்டையிடுகிறார்கள். 2006-இல் நேயர்கள் அளித்த பட்டம் செல்வாக்குக்குரியது, அழகுக்குரியதன்று. அதனை மறுப்பதற்கு இடமில்லை. அழகை மட்டும் கருதினால் அன்ஹாஃப்பிரிக்கிங்கே உயர்ந்தது. ஏனெனில் அங்கே மரபும் புதுமையும் ஒன்றையொன்று அறியாமலே சந்திக்கின்றன, இங்கேயோ சந்திப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுச் சந்திக்கின்றன. லீஜ் அண்ட் லீஃபின் முதற்பாடல் பாடலாக இருப்பதைக் காட்டிலும் பிரகடனமாக இருக்கிறது. நடன மெட்டுகளைக் கோத்த நடுப்பகுதியில் ஸ்வார்பிரிக்கின் வில் பறக்க, மற்றவர்கள் பின்னே ஓடுகிறார்கள். ஆயினும் டாம் லின்னைக் கேட்டவர் எவரும் இத்தட்டை மிகையாகப் புகழப்பட்டது என்று சொல்லத் துணியமாட்டார். வரிகளுக்கு நடுவே வாத்தியங்கள் வாளைப்போல் வெட்டி இறங்க, டென்னி சிறிதும் குரலை உயர்த்தாமல் அச்சத்தை ஊட்டுகிறாள். துயர் தோய்ந்த இறுதிப் பாடலும் அத்தகையது. சொல் தாம்ஸனுடையது, மெட்டு ஸ்வார்பிரிக்கினுடையது, ஆனால் முந்நூறு வருஷத்துப் பாடல் என்றே நம்பத் தோன்றும்.

மிகைப் புகழ் என்ற குற்றச்சாட்டு ஸ்டீலை ஸ்பானின் 1975-ஆம் வருஷத்துத் தட்டாகிய ஆல் அரவுண்ட் மை ஹாட்டின் மீதும் சுமத்தப்படுவதுண்டு. அதன் தலைப்புப் பாடல் விற்பனை வரிசையில் 5-ஆம் இடத்தை எட்டியதே அதற்குக் காரணம். இதற்கு நேர் எதிரான கதியை அடைந்தது, பாடகி வாஷ்டி பன்யனின் ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே என்னும் தட்டு. ஜோ பாய்ட் தயாரித்து, ஸ்வார்பிரிக்கும் ஃபேர்போர்ட்டின் சைமன் நிகோலும் வாசித்தும், 1970-இல் அதனை வாங்குவார் இல்லை. மனமுடைந்த பன்யன் சங்கீதத்தையே கைவிட்டாள். 2000-இல் மறுபதிப்பு வந்தபிறகே புகழ் அவளைத் தேடி வந்து, 2005-இல் இரண்டாவது தட்டையும் வெளியிடச் செய்தது. லீஜ் அண்ட் லீஃபுக்கும் இதற்கும் ஒரே தயாரிப்பாளர், ஏறக்குறைய ஒரே காலம், பொதுவான வாத்தியக்காரர்கள். இருந்தும் ஒன்று மகுடம் சூடிற்று, மற்றது முப்பது வருஷம் கிடப்பில் இருந்தது. தகுதியும் புகழும் ஒரே அளவில் வளர்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேடவேண்டியதில்லை.

டென்னி 1978 ஏப்ரலில், முப்பத்தொன்றாம் வயதில் காலமானாள். ஃபேர்போர்ட் குழுவினர் ஆண்டுதோறும் விழா நடத்தும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கிராமமாகிய க்ராப்ரெடியில், 2007 ஆகஸ்டில், 1969-இன் மற்ற ஐவரும் ஒன்றுகூடி லீஜ் அண்ட் லீஃபை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தனர். டென்னியின் இடத்தில் கிறிஸ் வைல் பாடினார்.