ஏசி வந்தாச்சு, மாட்ட ஆள் வரல... வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கும்?

ஆன்லைனில் புக் பண்ணின ஏசி சொன்ன தேதியில் வீட்டுக்கு வந்துடுது. அதைச் சுவரில் மாட்டுற ஆள் மட்டும் வரமாட்டேங்கிறார். "நாளைக்கு வர்றோம் சார்" என்று ஒரு போன், அடுத்த நாள் "உங்க ஏரியாவுக்கு ஆள் இல்லை" என்று இன்னொரு போன். பெட்டி மட்டும் ஹாலிலேயே கிடக்கும்.

ஏன் இப்படி?

டெலிவரி செய்வது ஒரு நிறுவனம், இன்ஸ்டலேஷன் செய்வது வேறு நிறுவனம். பெட்டியை இறக்கியதும் கூரியர் ஆளின் வேலை முடிந்துவிடும். அதன்பிறகு பிராண்டின் சர்வீஸ் சென்டர்தான் டெக்னீஷியனை அனுப்ப வேண்டும். திருச்சி நகரத்துக்குள் வீடு இருந்தால் பிரச்னை குறைவு. மணப்பாறையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் வையம்பட்டி போன்ற ஊர் என்றால், அந்தப் பக்கம் இன்னும் நாலைந்து வேலை சேரட்டும் என்று காத்திருப்பார்கள்.

உள்ளூர் மெக்கானிக்கை வைத்து மாட்டலாமா?

அவசரப்பட வேண்டாம். கம்பெனி ஆள் மாட்டாவிட்டால் வாரன்டி கிடையாது என்று பல பிராண்டுகள் நிபந்தனை வைத்திருக்கின்றன. ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினில் டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் போல்ட் போட்டு அனுப்புவார்கள். அதைக் கழற்றாமல் ஓடவிட்டால் மெஷினே கெட்டுப்போகும்.

வாரன்டி விஷயத்தில் என்ன சிக்கல்?

பலர் கவனிக்காத இடம் இதுதான். பல கம்பெனிகள் பில் தேதியில் இருந்து வாரன்டியைக் கணக்கிடுகின்றன. மாட்ட 20 நாள் ஆனால், பயன்படுத்தாத பொருளுக்கு 20 நாள் வாரன்டி போச்சு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வீட்டு உபயோகப் பொருட்களுக்கு இன்ஸ்டலேஷன் தேதியில் இருந்தே வாரன்டியைத் தொடங்குங்கள் என்று தொழில் அமைப்புகளுக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதியது. ஆனால் அது அறிவுறுத்தல்தான். அதனால் வாங்கும்போதே வாரன்டி கார்டில் எந்தத் தேதி என்று பார்ப்பது நல்லது. டெக்னீஷியன் தரும் ஜாப் ஷீட்டில் மாட்டிய தேதியை எழுதி வாங்கி வைக்கணும்.

ஓடிபி கேட்டால்?

பெட்டியைப் பிரித்து, அடி வாங்கியிருக்கிறதா என்று பார்த்தபிறகே டெலிவரி ஓடிபி சொல்லணும். பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்து வைத்தால் பின்னால் உதவும். டெக்னீஷியன் கேட்கும் ஓடிபியும் அப்படித்தான். அதைச் சொன்னால் 'வேலை முடிந்தது' என்று பதிவாகிவிடும். மாட்டாமலே போனில் கேட்டால் கொடுக்கக் கூடாது. ஏசிக்கு கூடுதல் காப்பர் பைப், ஸ்டாண்டுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். அதுக்கு பில் கேளுங்க.

எங்கே புகார் செய்வது?

முதலில் வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பணும். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரணும். சொன்ன தேதியைத் தாண்டி வந்த பொருளையும், பழுதான பொருளையும் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இயற்கைப் பேரிடர் போன்ற காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விலக்கு.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இதில் தமிழிலும் பேசலாம். இது கோர்ட் இல்லை, கம்பெனியிடம் புகாரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். ஆனாலும் பல நேரம் இந்த ஒரு போனுக்குப் பிறகுதான் டெக்னீஷியன் வண்டியை எடுக்கிறார்!

அதுக்கும் அசையவில்லை என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சோதனை தேவைப்படாத வழக்குகளை 3 மாதத்தில் முடிக்க முயற்சிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் இழுக்கும். பிரச்னை ஏற்பட்ட நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போடணும். பில், ஜாப் ஷீட், மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் இந்த மூன்றும் கையில் இருக்கட்டும்.