சதுப்பில் ஒன்று, கடற்கரையில் ஒன்று

போன மாசம் என் ரிமோட் விமானத்தை இறக்கும்போது மூக்கு தரையில குத்தி ப்ரொப்பெல்லர் உடைஞ்சு போச்சு. "ஏத்துறது யாரு வேணா ஏத்தலாம் தம்பி, இறக்குறதுலதான் இருக்கு விஷயம்" என்றார் மைதானத்தில் ஓர் அண்ணன். ஒட்டுற வேலையை ஓரமா வச்சுட்டு, பழைய தரையிறக்கங்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். அயர்லாந்தின் கிளிஃப்டன் ஊர்ப்பக்கம் நடந்த இரண்டு மனசை விட்டுப் போகவில்லை.

முதலாவது, 1919 ஜூன் 15. ஜான் ஆல்காக், ஆர்தர் பிரவுன் இருவரும் கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்துவிட்டார்கள். அதுவரை யாரும் செய்யாதது. கீழே பச்சைப் பசேல்னு ஒரு வெளி. புல்தரை என்று நினைத்து ஆல்காக் இறக்கினார். அது சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் மூக்குக் குப்புற நின்றது. பக்கத்து வயர்லெஸ் நிலையத்துக்காரர்கள் 'இங்கே வேண்டாம்' என்று கை ஆட்டியதை இவர்கள் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டதாக ஒரு கதையும் உண்டு. நல்லவேளை, இருவருக்கும் பெரிய அடி இல்லை.

இரண்டாவது, 84 வருஷம் கழித்து, 2003 ஆகஸ்ட் 11. இந்த முறை வந்தது ஆளில்லாத ஒரு மாடல் விமானம். செய்தவர் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர். வயது 77. கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது, காதும் மந்தம். பால்சா மரத்தில் செய்த விமானம். எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது சாதனை விதி. அதில் கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருளே! முந்தைய முயற்சிகள் கரை சேரவில்லை. ஐந்தாவது விமானத்தை நியூஃபவுண்ட்லாந்தில் ஹில் தன் கையாலேயே வீசி ஏற்றினார்.

கடல் மேல் ஜிபிஎஸ் பார்த்து ஆட்டோபைலட் ஓட்டியது. 38 மணி 52 நிமிடம், 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஆட்டோபைலட்டுக்கு வழி தெரியும், தரை தெரியாது. அதனால் மேனின் கடற்கரையில் டேவ் பிரவுன் என்ற கைதேர்ந்த மாடல் விமானி டிரான்ஸ்மிட்டரோடு காத்திருந்தார். விமானம் கண்ணுக்குத் தெரிந்ததும் கட்டுப்பாட்டை வாங்கி, பத்திரமாக இறக்கினார்.

இதெல்லாம் சுலபமில்லை. எரிபொருள் தீர்ந்த விமானம் லேசாக இருக்கும். மெதுவாகவும் பறக்கும், அதனால் மெத்தென்று இறக்கலாம். ஆனால் காத்து சும்மா தூக்கிட்டுப் போயிடும். அதோடு, நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு என்பது மாடல்காரர்களின் பழைய சூத்திரம்.

ஆல்காக் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவர். திறமையில் குறை சொல்ல முடியாது. அவருக்கு இல்லாமல் போனது, தரையை முன்கூட்டியே பார்த்து வைத்துக் காத்திருந்த ஓர் ஆள். பார்வை மங்கிய ஹில்லுக்கு அக்கரையில் அந்த ஒரு ஜோடிக் கண் இருந்தது.

அதைப் படிச்சப்புறம் நானும் ஒண்ணு மாத்திக்கிட்டேன். இப்போ விமானத்தை ஏத்துறதுக்கு முன்னாடி, இறங்கப்போற இடத்தை ஒரு தடவை நடந்து பார்த்துடுறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்படி நடக்கும்போதுதான் புல்லுக்குள்ள ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. போன மாசம் மூக்கு குத்தின அதே இடம்!