கன்னி வேட்டையும் கானகப் பயணமும்

நாம் குடியேறி வாழும் இத்திருத்தலத்தின் பெயரிலேயே மூன்று உயிர்கள் குடியிருக்கின்றன. 'ஸ்ரீ' என்பது சிலந்தி. 'காளம்' என்பது பாம்பு. 'ஹஸ்தி' என்பது யானை. இம்மூன்றும் வழிபட்டு முத்தி பெற்ற தலம் என்பது தலபுராணம். விலங்கின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழும் நாம், விலங்குகளைக் காண வேண்டி இவ்வாண்டு கடல் கடந்து ஆப்பிரிக்கக் கண்டம் செல்ல ஆயத்தமாகி வருகிறோம். நைரோபியில் அலுவல் புரியும் எம் மைத்துனரின் நெடுநாள் அழைப்பே இதற்குக் காரணம். இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங் கழித்த எமக்குக் காடும் புதிது, கானக வழியும் புதிது. ஆதலின், முன்னோர் இத்தகைய பயணத்திற்கு எவ்வாறு ஆயத்தமாயினர் என்று ஆராயப் புகுந்தோம். அதன் பயனை நம் சங்கத்து அன்பர்களோடு இம்மலரில் பகிர்ந்துகொள்கிறோம்.

'சஃபாரி' என்னும் சொல்லை நம்மவருட் சிலர் 'சவாரி' என்பதன் திரிபு எனக் கருதுவர். அது பொருந்தாது. சவாரி பாரசீகச் சொல். சஃபாரியோ கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'பயணம்' என்று பொருள்படுவது. அரபு மொழியினின்று அங்குச் சென்றது. இருப்புப்பாதை ஊழியராகிய நாம் வடநாட்டுப் பயணிகள் வாயால் நாள்தோறும் கேட்கும் 'சஃபர்' என்பதும் அதே அரபு மூலத்தினின்று வந்ததே.

முதல் வேட்டைக்கு ஆயத்தமாதல் பற்றிய விரிவான தமிழ்ச் சித்திரத்தைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டுவதில்லை. அது நம் ஊர்க் கதையே. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரிய புராணத்தில், பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மைந்தர் திண்ணனார், பதினாறாம் வயதில் கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறார். வேட்டை எதனால் எழுந்தது என்பதை அன்பர்கள் கருத்தூன்றி நோக்க வேண்டும். அது பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. நாகன் முதுமையுற்று வேட்டை தவிர்ந்தமையால் விலங்குகள் பெருகிப் புனங்களை அழிக்கின்றன என்று குடிகள் முறையிட்டனர். அம்முறையீட்டின் பின்னரே நாகன் தலைமையைத் திண்ணனாரிடம் ஒப்புவித்தான்.

அதன்பின் நிகழ்ந்த ஆயத்தங்களைச் சேக்கிழார் வரிசைப்படக் கூறுகிறார். தேவராட்டி என்னும் மூதாட்டியை வரவழைத்துக் கானகத் தெய்வங்கட்குப் பலியூட்டுவித்தனர். தந்தை தன் உடைதோலையும் சுரிகையையும் மைந்தர்க்கு அளித்தான். மறுநாள் வைகறையில் குஞ்சியை நெறித்துக் கட்டினர், மயிற்பீலி சூட்டினர், அடிக்குச் செருப்பு அணிவித்தனர். வேட்டை நாய்கள் முன்செல்ல, வலை சுமந்தோர் காட்டை வளைத்து வேலியிட்டனர். தக்க உடை, தக்க காலணி, துணைவர், காட்டின் இயல்பறிந்த முதியோர் என நான்கும் அன்றே கூறப்பட்டிருத்தல் வியப்பன்றோ!

இவற்றினும் உயர்ந்த ஆயத்தம் ஒன்றுண்டு. யானைக் கன்றுகளை அவ்வேடர் துரத்துவதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்துவதில்லை என்கிறார் சேக்கிழார். கொல்லச் சென்ற இடத்தும் கொல்லாமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு சென்றனர் என்பது இதனால் விளங்கும். பின்னர் ஒரு பன்றி வலை தப்பி ஓட, நாணனும் காடனும் உடன்வரத் திண்ணனார் அதனைத் தொடர்ந்ததும், பொன்முகலி நீரை நாடி வந்தவர் மலைமேற் குடுமித்தேவரைக் கண்டதும், ஆறாம் நாள் கண்ணப்பரானதும் யாவரும் அறிந்தவை. நம் தெலுங்கு அண்டை வீட்டாரும் தூர்ஜடி மகாகவியின் காளஹஸ்தி மாகாத்மியத்தில் தின்னடு என்ற பெயரால் இவரையே போற்றுகின்றனர்.

இனி ஆப்பிரிக்காவை நோக்குவோம். 1909இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், தம் மைந்தர் கெர்மிட்டுடன் மொம்பாசாத் துறைமுகத்தில் இறங்கினார். சுமைகாரர்களே பல நூறு பேர். விலங்குத் தோலைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு கொண்டு செல்லப்பட்டது. பன்றித்தோல் அட்டையிட்ட சிறு நூலகம் ஒன்றும் உடன் சென்றது. தந்தையும் மகனும் வீழ்த்தியவை ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை அருங்காட்சியகத்திற்கென அனுப்பப்பட்டன என்பது மெய்யே. எனினும் நம் வேடர் வகுத்த எல்லையை எண்ணுங்கால் உள்ளம் சற்றே வருந்துகிறது.

ரூஸ்வெல்ட் கானகம் நோக்கிச் சென்ற புகைவண்டியே எம் நெஞ்சை மிகவும் ஈர்த்தது. அது உகாண்டா இருப்புப்பாதை. 1896இல் மொம்பாசாவில் தொடங்கி, 1899இல் நைரோபியை எட்டி, 1901இல் விக்டோரியா ஏரிக்கரையை அடைந்தது. நம் ஊர் வழியே முன்னாளில் ஓடியதைப் போன்ற மீட்டர் அகலப் பாதையே அதுவும். அதனை அமைக்க இந்தியாவினின்று ஏறத்தாழ 32,000 தொழிலாளர் சென்றனர். பெரும்பாலோர் பஞ்சாபியர். அவருள் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர்.

1898இல் சாவோ ஆற்றின்மேல் பாலம் கட்டும்போது இரண்டு ஆண் சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களுட் புகுந்து தொழிலாளரை இழுத்துச் சென்றன. வேலை நின்றது, பலர் வண்டியேறி ஓடினர். பொறியாளர் பாட்டர்சன் அவ்வாண்டு டிசம்பரில் இரண்டையும் சுட்டு வீழ்த்தினார். அச்சிங்கங்கள் இன்று அமெரிக்காவின் சிக்காகோ அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்டு நிற்கின்றன. மாண்டவர் எத்தனை பேர்? இந்தியத் தொழிலாளர் 28 பேர் என்பது ஒரு கணக்கு. பாட்டர்சன் பின்னாளில் 135 என்றார். சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்த அறிஞர்கள் 2009இல் ஏறத்தாழ 35 என மதிப்பிட்டனர். மாண்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர்க்கோ முறையான கணக்கே வைக்கப்படவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்புப்பாதைப் பேரேட்டில் எழுதிவரும் கை எமது கை. ஓர் இரும்பாணி குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும் என்பது எம் துறையின் முறை. மனிதர் குறைந்ததற்கு விளக்கம் எழுதப்படாத ஏடு ஒன்று உண்டு என்று அறிந்தபோது, பயணத்தைப் பற்றிய எம் எண்ணமே மாறியது. மைத்துனர்க்கு எழுதி, மாசாய் மாராவுக்குச் செல்லுமுன் சாவோ வழியாக ஒரு நாள் புகைவண்டியிற் செல்ல ஏற்பாடு செய்தோம். 2017இல் திறக்கப்பட்ட புதிய இருப்புப்பாதை அவ்வழியே செல்கிறது. யானைகள் குறுக்கே கடப்பதற்கென அப்பாதையின் அடியில் வழிகள் விடப்பட்டுள்ளன.

செல்லக் கருதும் அன்பர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகளும் கூறுவோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே போடப்பட்டிருத்தல் வேண்டும். சான்றிதழின்றித் திரும்புவோரை நம் நாட்டு விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனித்து வைக்க விதியுண்டு. ஒருமுறை பெற்ற சான்று 2016 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும். மலேரியாத் தடுப்புக்கு மருத்துவரைக் கலந்துகொள்க. ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என எண்ணிக் கம்பளியை விட்டுச் செல்லற்க. மாசாய் மாரா உயர்ந்த நிலம், வைகறை குளிரும். மண்ணிற ஆடை நன்று. கருநீலமும் கருப்பும் செட்சி ஈயை ஈர்க்கும். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகட்குத் தடை உண்டு. எம் இல்லத்தரசி முறுக்கையும் புளிக்காய்ச்சலையும் பழக்கம்போற் பிளாஸ்டிக் பையிற் கட்டியிருந்தார். அச்செய்தி தெரிந்தபின் அனைத்தும் எவர்சில்வர் சம்புடத்திற்கு மாறின.

துப்பாக்கி மட்டும் வேண்டுவதில்லை. இந்தியா 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. கென்யா 1977இல் வேட்டையை அறவே தடுத்தது. இன்று கண்களும் பொறுமையும் ஒரு நிழற்படக் கருவியுமே ஆயுதங்கள்.

இறுதியாக ஒன்று. நம் பழைய சித்தூர் மாவட்டத்துப் பலமனேர், குப்பம் பகுதிகளுக்கு 1980களில் யானைகள் அண்டை மாநிலக் காடுகளினின்று மீண்டும் வந்தன. அவற்றின் பொருட்டுக் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. இன்றும் யானை புகுந்து பயிரை அழித்த செய்தி அப்பகுதியினின்று வந்தவண்ணம் உள்ளது. நாகனிடம் குடிகள் கொணர்ந்த அதே முறையீடு! யானையைக் காணப் பெரும்பொருள் செலவிட்டுக் கடல் கடக்கும் நாம், நம் மாவட்டத்து யானையைப் பற்றியும், அதனால் பயிரிழந்த உழவனைப் பற்றியும் ஒரு நாளேனும் எண்ணினோமா? 'இல்லை' என்பதே எம் விடை. எம் மகனோ, "அப்பா, அந்த யானையை முதலில் பார்த்துவிட்டுப் போனால் என்ன?" என்று கேட்டான். எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

ஆகவே அடுத்த விடுமுறையில் முதலிற் பலமனேர், அதன்பின் கென்யா என முடிவு செய்துள்ளோம். புறப்படும் நாளன்று கண்ணப்பர் மலையேறி வணங்கிச் செல்வோம். யானைக் கன்றைத் துரத்தாத அவ்வேடர் வழியே எம் வழியுமாகுக. சாவோவில் வண்டி நிற்குமாயின், பெயரறியா அத்தொழிலாளரை நினைந்து ஒரு கணம் எழுந்து நிற்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!