பெயர் சொல்லாத சட்டம்



1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாலும் ‘அடிமை’ என்ற சொல் அதில் தென்படாது. ஆனால் 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் சுமார் 39 லட்சம் மக்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். இத்தனை பேரைப் பெயர் சொல்லாமலே ஒரு சட்டம் எப்படிக் கட்டி வைத்தது, அந்தக் கட்டு பிறகு எப்படித் தளர்ந்தது என்பதே இந்த உரை.

முதலில் அவர்கள் அமைத்தது வேறோர் அரசு. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே வாக்கு. மையப் பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் கேட்கலாம், தராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. உடன்படிக்கையைத் திருத்த 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். 1786இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடனும் வரியும் தாளாமல் நீதிமன்றங்களை முற்றுகையிட்டுச் செயல்படவிடாமல் தடுத்தனர். முன்னாள் போர்வீரர் டேனியல் ஷேஸ் அவர்களின் தலைவர்களில் ஒருவர். சொத்துடையோர் அஞ்சினர்.

1787 மே மாதம் பிலடெல்பியாவில் மாநாடு தொடங்கியது. மொத்தம் 55 பேர் பங்கேற்றனர். உடன்படிக்கையைத் திருத்துவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. கதவைச் சாத்திக்கொண்டு நான்கே மாதத்தில் புதிய அரசையே எழுதிவிட்டார்கள்: இரு அவைகள், குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்றம், வரி விதிக்கும் அதிகாரம். அந்த 55 பேரில் ஒரு பெண் இல்லை, ஒரு கறுப்பர் இல்லை, ஒரு பூர்வகுடி இல்லை. ஏறத்தாழ 25 பேர் அடிமைகளின் எசமானர்கள்.

பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற கேள்வி வந்தது. அடிமைகளையும் தலைக்கணக்கில் சேர்க்கச் சொன்னது தென்மாநிலங்கள்தாம். அடிமைகளுக்கு வாக்குரிமை தருவதற்காக அல்ல. எசமானர்களுக்குக் கூடுதல் இடம் பெறுவதற்காக. ‘ஏனைய நபர்கள்’ என்ற பெயரில் ஐந்தில் மூன்று பங்கு எண்ணப்படும் என்று பேரம் முடிந்தது. ஒடுக்கப்பட்டவரின் தலை, ஒடுக்குபவரின் வாக்காக மாறியது. தப்பியோடிய ‘வேலைக்குக் கடமைப்பட்ட நபரை’ உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். 1808க்கு முன் அடிமை இறக்குமதியைத் தடை செய்யக் கூடாது. திருத்தம் கொண்டுவந்தும் அதை மாற்றக் கூடாது. திருத்தத்துக்கு வைத்த வாசலிலேயே பூட்டும் போட்டார்கள்.

1791இல் பத்துத் திருத்தங்கள் வந்தன. பேச்சுரிமையும் வழிபாட்டுரிமையும் எழுத்தில் ஏறின. அடிமையின் விலங்கு அப்படியே இருந்தது. 1854இல் அடிமை ஒழிப்பாளர் கேரிசன் இச்சட்டத்தின் பிரதியைப் பொதுக்கூட்டத்தில் கொளுத்தினார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸோ அதே சட்டத்தை விடுதலைக்கான ஆயுதமாக்கலாம் என்று வாதிட்டார். இருவரின் கோபமும் ஒன்றே, வழி வேறு.

உள்நாட்டுப் போரில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் படையில் சேர்ந்து போரிட்டார்கள். 1865இல் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியது. ‘அடிமைத்தனம்’ என்ற சொல் அச்சட்டத்தில் முதன்முறையாக ஏறியது, ஒழிக்கப்படுவதற்காக. அதிலும் குற்றத்துக்கான தண்டனை விதிவிலக்கு என்றொரு சந்து வைத்தார்கள். 1868இல் குடியுரிமையும் சமபாதுகாப்பும், 1870இல் இனத்தின் பேரால் வாக்கு மறுக்கத் தடையும் வந்தன. தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி எனப் பெயர் மாற்றி அவற்றைச் செல்லாக்காசாக்கின. வாக்குரிமைச் சட்டம் வர 1965 ஆயிற்று.

பதின்மூன்றாம் திருத்தம் வந்து எட்டே ஆண்டுகளில், 1873இல், ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலைக் கறுப்பின அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கடல்கடந்த அந்தப் போராட்டத்தில் தம் மக்களின் விடுதலைக்கான முன்மாதிரியைக் கண்டார் அவர்.

மாணவர்களே, எந்தச் சட்டத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யார் எண்ணப்படுகிறார்கள்? அந்த எண்ணிக்கையால் யாருக்குப் பலம்? யாருடைய பெயர் சொல்லப்படவில்லை? திருத்த வேண்டிய இடத்தை அந்தப் பதில்களே காட்டும்.

ஜெய் பீம்.