சித்தப்பா தந்த ரயிலும் ஒரு பழைய பாயிண்ட்டும்

1960-களில், பிரெஞ்சுப் படையில் இருந்த என் சித்தப்பா விடுமுறைக்குப் புதுவை வந்தபோது, எனக்கு ஒரு மின்சாரப் பொம்மை ரயில் கொண்டுவந்தார். ஹார்ன்பி பெயரில் பிரான்சில் செய்தது. தடம் மாற்றும் பாயிண்ட் சீக்கிரமே உடைந்துபோனது. அதன்பின் ரயில் ஒரே வட்டத்தில்தான் சுற்றியது.

பணி ஓய்வுக்குப்பின் பிரான்சில் உள்ள மகள் வீட்டுக்குப் போனபோது, பேரனுக்காக அதை எடுத்துப்போனேன். அங்கே ஞாயிறுகளில் வீட்டுப் பழம்பொருட்களைத் தெருவில் பரப்பி விற்பார்கள். 'வீத் கிரனியே', அதாவது பரணைக் காலிசெய்வது என்று பெயர். அங்கே பாயிண்ட் தேடினேன். பிரெஞ்சில் அது 'எய்குய்யாஜ்'. 'எய்குய்' என்றால் ஊசி. நகரும் தண்டவாளம் ஊசிபோல் கூர்ந்திருப்பதால் வந்த பெயர்.

1891-இல் லைப்சிக் சந்தையில் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் பொம்மை ரயில் தண்டவாளங்களுக்கு நிலையான அகலங்களை வகுத்து, எண்ணிட்டு விற்றது. இன்று ஒரு பெட்டி, அடுத்த பண்டிகைக்கு இரண்டு தண்டவாளம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். பழையதை இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்த முடிவதும் அந்த ஏற்பாட்டால்தான்.

அதை நம்பித்தான் ஏமாந்தேன். ஒரு கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் ஐயா" என்றார். அளந்தேன், என்னுடையதைப் போலவே 16.5 மில்லிமீட்டர். வாங்கிவந்தேன். இணைப்புப் பொருந்தவில்லை, குறடால் வளைத்துச் சேர்த்தேன். கரண்ட் கொடுத்ததும் டிரான்ஸ்பார்மர் முனகியது. ரயில் அசையவில்லை. பேரன் முகம் வாடிவிட்டது.

பிறகுதான் கவனித்தேன். அது மார்க்லினின் பழைய தகரத் தண்டவாளம். நடுவே வரிசையாகச் சிறு குமிழ்கள். மின்சாரம் அவற்றின் வழியே வரும், இரு தண்டவாளங்களும் சேர்ந்து திரும்பும் வழி. என் ரயிலிலோ இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். அகலம் ஒன்று, மின்வழி வேறு.

அடுத்த முறை பொறுமையாகப் பார்த்தேன். நடுவில் குமிழோ மூன்றாவது கம்பியோ இருக்கிறதா? தண்டவாள உயரம் நம்முடையதோடு ஒக்கிறதா? 'கோடு 100' என்றால் 2.54 மில்லிமீட்டர், 'கோடு 75' என்றால் சுமார் 1.9. ஊசியை விரலால் நகர்த்தினால் பக்கத் தண்டவாளத்தோடு இடைவெளியின்றி ஒட்டுகிறதா? கடைசியாக, தடங்கள் குறுக்கிடும் மையத் துண்டு. ஆங்கிலேயர் அதைத் தவளை என்பார்கள், பிரெஞ்சுக்காரர் இதயம் என்பார்கள். அது பிளாஸ்டிக்கானால் சிறிய எஞ்சின் அங்கே நின்றுவிடலாம். உலோகமானால் பாயிண்ட் மாறும்போது அதன் மின்முனையும் மாற வேண்டும்.

அப்படி வாங்கியது பொருந்தியது. பேரன் நெம்புகோலைத் தள்ளினான். ரயில் வட்டத்தை விட்டுக் கிளைத்தடத்தில் நுழைந்தது. பார்க்கச் சித்தப்பா இல்லை.