உயிரை வாங்கிய வார்த்தை
ரஷ்ய மொழியில் வேலைநிறுத்தத்துக்கு 'ஸபஸ்தோஃப்கா' என்று பெயர். தெருவில் நடக்கும் ரகளைக்கு 'பெஸ்பரியாத்கி', அதாவது ஒழுங்கு கெட்ட செயல்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? உயிர்தான்!

1962 ஜூன் 1. குருஷேவ் காலம். நோவோசெர்காஸ்க் ரயில் இன்ஜின் ஆலையில் ஏற்கெனவே கூலி வெட்டு. அன்றைக்குப் பார்த்து இறைச்சி, வெண்ணெய் விலையும் எகிறியது. 'என்னத்தைச் சாப்பிடுவது?' என்று கேட்டவர்களிடம், 'ஈரல் வைத்த பன் தின்னுங்களேன்' என்றாராம் ஆலை இயக்குநர். (பிரெஞ்சு ராணி கேக் கதையே தேவலை!) வேலை நின்றது. மறுநாள் ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டது. 26 பேர் செத்தார்கள். உடல்களை வெவ்வேறு ஊர் இடுகாடுகளில் ரகசியமாகப் புதைத்தார்கள்.

அடுத்து, வழக்குப் போட வேண்டுமே? தொழிலாளர் ஆட்சியில் ஸபஸ்தோஃப்கா எப்படி நடக்கும்! ஆகவே குற்றப்பத்திரிகையில் 'பெஸ்பரியாத்கி' என்று எழுதினார்கள். கூடவே கொள்ளைக் கும்பல் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஏழு பேருக்கு மரண தண்டனை. அவர்கள் மேலிருந்த பழியைத் துடைக்க தொண்ணூறுகள் ஆகிவிட்டன.